ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் நடுவே பேண்டு சீருடையை எப்படி வைப்பது?

கேள்வி: 17 ஆகஸ்ட் 2024, காலை

பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பேண்டு குழுவின் பொறுப்பு இந்த ஆண்டுதான் என்னிடம் வந்தது. 28 செட் சீருடை: சிவப்புக் கோட்டு, வெள்ளைக் குறுக்குப் பட்டை, குஞ்சம் வைத்த தொப்பி. சுதந்திர தினம் முடிந்ததும் எல்லாவற்றையும் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிட்டேன். வந்தவுடன் கடைக்காரர் போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையோடே பீரோவில் பூட்டி, நாலைந்து அந்துருண்டையும் போட்டுவிட்டால் குடியரசு தினம் வரை கவலையில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

17 ஆகஸ்ட் 2024, இரவு

சரியில்லை தம்பி. அந்த உறையைக் கடை வாசலிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

நாகப்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருக்கிறேன். 17 ஆண்டுகளாக பேண்டு சீருடை என் பொறுப்பு, 34 செட். மைதானத்தில் கெட்டுப்போன கோட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பீரோவுக்குள் இருந்தே கெட்டவைதான் அதிகம். காலண்டரைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று வெயிலில் வியர்வை சொட்டச் சொட்டப் போடுகிறோம். அடுத்து எடுப்பது ஜனவரி 26. இடையில் ஐந்து மாதத்துக்கு மேல். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதற்குள் வந்து போய்விடுகிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே துணியில் பூசணம் பிடிக்கலாம். எங்கள் கடற்கரையில் நவம்பர், டிசம்பரில் அதற்குக் கீழே இறங்கும் நாள்தான் அபூர்வம். பிளாஸ்டிக் உறை வெளியே இருக்கும் ஈரத்தைத் தடுப்பதுபோலத் தெரியும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தை அது வெளியே விடவே விடாது.

டிரை கிளீனிங் செய்தாயிற்றே என்பீர்கள். அந்தக் கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். வியர்வையின் உப்பு தண்ணீரில் கரைவது, அதில் முழுதாகப் போகாது. அக்குளிலும் கழுத்துப் பட்டையிலும் தங்கிய உப்பு, மழைக்காலம் முழுவதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கோட்டு கடையிலிருந்து வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பி அக்குளை முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

18 ஆகஸ்ட் 2024

"அப்படியானால் என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

அணிவகுப்பு முடிந்த அன்று எதையும் மடிப்பதில்லை. தையல் வகுப்பறையில் குறுக்கே கயிறு கட்டி, கோட்டுகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தொங்கவிடுவோம். நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் அக்குளையும் கழுத்தையும் துடைத்து மின்விசிறிக் காற்றில் விடுவோம். வெயிலில் போடவே கூடாது. சிவப்பு வெளிறி, தோள்பட்டை மட்டும் ரோஜா நிறமாகிவிடும்.

இன்னும் நல்ல வழி, அக்குளில் ஒட்டுத்துணி வைப்பது. பழைய பருத்தி வேட்டியில் பிறை வடிவமாக இரண்டு மடிப்பு வெட்டி, ஓரம் அடித்து, மூன்று அழுத்துப் பொத்தான் வைத்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். கோட்டு பாதி அழுக்கிலிருந்து தப்பிவிடும்.

உறைக்கும் வேட்டிதான். எட்டு முழ வேட்டியின் அகலத்தை இரண்டாக மடித்தால் கோட்டின் தோள் அகலத்துக்குச் சரியாக இருக்கும். நீளத்தில் 95 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் ஒரு வேட்டியில் மூன்று உறை வரும். மிச்சத்தில் கையுறைப் பை தைக்கலாம். உங்கள் 28-க்குப் பத்து வேட்டி வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரே வாரத்தில் வந்து சேரும். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியாக இருந்தால் இன்னும் நல்லது, காற்று போகும்.

அந்துருண்டையை அப்படியே போடாதீர்கள். துணியில் முடிந்து, பீரோவின் மேல்தட்டில் மூலைக்கு ஒன்று வையுங்கள்.

18 ஆகஸ்ட் 2024, மாலை

விட்டுப்போனது: கம்பி ஹேங்கர் வேண்டாம். துருக்கறை தோளில் பிடித்தால் போகாது.

19 ஆகஸ்ட் 2024

"டிரங்குப் பெட்டியைவிடப் பாதுகாப்பு ஏது? பாட்டியின் பட்டுப்புடவை ஐம்பது வருடம் அதில்தானே இருந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டி அந்தப் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து புடவையை மடிப்பு மாற்றி வைத்திருப்பார் ஐயா. அதை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் பேண்டு அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான்கு தகடுகள் போய்விட்டன. மர அலமாரியில் தொங்கிய 20 கோட்டுகளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பார்த்ததும் அழுதுவிட்டேன். மீதி 14 கோட்டுகள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மூடியைத் தூக்கி மேலே கைவைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. இவையாவது தப்பின என்று மூடிவிட்டேன்.

நனைந்த இருபதையும் பெஞ்சுகளின் மேல் விரித்தோம். மின்சாரம் கிடையாது, இஸ்திரி கிடையாது, காற்று மட்டும் இருந்தது. நான்கைந்து நாளில் காய்ந்துவிட்டன. சுருக்கம் இருந்தது, வாடை இல்லை.

பெட்டியைத் திறந்தது 12 நாள் கழித்து. மூடியைத் தூக்கியதும் முடை நாற்றம் முகத்தில் அடித்தது. தரையில் நின்ற தண்ணீர் பெட்டியின் அடி மடிப்பு வழியாக ஏறியிருக்கிறது. மேலே இருந்த மூன்று கோட்டுகள் நன்றாக இருந்தன. கீழே இருந்த பதினொன்றிலும் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். சாயம் இறங்கி, கூடவே வைத்திருந்த வெள்ளைப் பட்டைகள் எல்லாம் பீட்ரூட் சாறு பட்டதுபோல் ஆகியிருந்தன. கடைசிக் கோட்டின் முதுகில் பெட்டியின் அடிக்கோடு துருவாக, அளவுகோல் வைத்துப் போட்டதுபோலப் பதிந்திருந்தது.

பதினொன்றில் ஏழை மீட்டேன். அந்தக் குடியரசு தினத்துக்கு 30 பேர்தான் அணிவகுத்தார்கள். நான்கு எட்டாம் வகுப்புப் பெண்கள் பள்ளிச் சீருடையில் ஓரமாக நின்று, கையில் குச்சி இல்லாமலேயே தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்த கோட்டைக் காப்பாற்ற முடிந்தது. மூடிவைத்த கோட்டைக் காப்பாற்ற முடியவில்லை. பெட்டியை அன்றைக்கே கீழே வரை துழாவிப் பார்த்திருந்தால் அந்த நான்கு பேரும் நடந்திருப்பார்கள்.

இப்போது டிரங்குப் பெட்டியில் ஷூவும் பெல்ட்டும் மட்டும். அதுவும் செங்கல் மேல்.

24 ஆகஸ்ட் 2024

18-ஆம் தேதி அந்துருண்டை பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள். சிவகங்கையிலிருந்து ஒரு செவிலியர் அம்மா எழுதியிருக்கிறார்: ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருப்பதுகூட இல்லை. 34 பிள்ளைகளின் மூக்குக்கு அருகே அந்த வாடையை ஏற்றி வெயிலில் நிற்கவைக்கிறோம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிரண்டு பெண்கள் தலைவலி என்பார்கள். சாப்பிடாமல் வந்திருப்பாய் என்று நானே அதட்டியிருக்கிறேன். இனி எங்கள் பீரோவில் அது கிடையாது.

யோசித்துப் பார்த்தால் அது தேவையும் இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் இறகையும். எங்கள் கோட்டு பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி, அதில் அதற்கு இரை இல்லை. தொப்பியின் குஞ்சம் அசல் இறகு, அதை மட்டும் தனியாகப் பாதுகாத்தால் போதும். பழைய புத்தகங்களில் ஓடுமே வெள்ளி நிறப் பூச்சி, அது கஞ்சியைத் தேடி வரும். ஆகவே உள்ளே வைக்கும் முன் கஞ்சி போடாதீர்கள், எடுத்த பிறகு போடுங்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நான் வைக்கிறேன், என் அம்மா வைத்தார் என்பதால். அவற்றை நம்பி பீரோவைத் திறக்காமல் இருந்துவிடக் கூடாது.

8 செப்டம்பர் 2024

பொத்தான். முதலில் அது பித்தளையா, முலாம் பூசிய பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். உதிரிப் பொத்தான் ஒன்றைச் சிமெண்ட் தரையில் போட்டால் ஓசையே சொல்லிவிடும். பிளாஸ்டிக் என்றால் ஈரத் துணியால் துடைப்பதோடு சரி, பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டால் முலாமே உரிந்துவிடும்.

பித்தளை என்றால், பழைய எக்ஸ்ரே படம் ஒன்றில் ஓரத்திலிருந்து உள்ளே ஒரு பிளவு வெட்டி, அதைப் பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே செருகிவிட்டுத் துடையுங்கள். இல்லாவிட்டால் பொத்தானைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் விழும். காய்ந்தபின் வெள்ளையாகத் தெரியும், அணிவகுப்பு மேடையிலிருந்து பார்த்தாலும் தெரியும். புளி போட்டால் பளபளக்கும், ஆனால் கோட்டில் இருக்கும்போது போடாதீர்கள், கழற்றித்தான் போடவேண்டும். நன்றாகக் கழுவாவிட்டால் பச்சைக் களிம்பு இரட்டிப்பாக வரும்.

ஜரிகைப் பட்டைமேல் நேரே இஸ்திரி வைக்க வேண்டாம். இப்போது வருவது பிளாஸ்டிக் இழை, உருகி இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிடும்.

22 செப்டம்பர் 2024

எடுத்துச் செல்வது பற்றிக் கேட்டவருக்கு.

பொறுப்பேற்ற புதிதில் தஞ்சாவூரில் ஒரு போட்டிக்குப் போனோம். இரண்டரை மணி நேரப் பயணம். இறங்கியதும் நேரமிருக்காதே என்று எல்லாரையும் கோட்டு போடவைத்தே பஸ்ஸில் ஏற்றினேன். திருவாரூர் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள். மற்றவர்கள் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒருத்தியின் வெள்ளைப் பட்டையில் மஞ்சள் விழுந்தது. அவசரத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், மஞ்சள் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளுக்குச் சோப்பின் காரம் பட்டால் அப்படித்தான் ஆகும் என்பது அன்றைக்குத் தெரியாது. அந்தக் குழந்தை பயந்துபோய் அழுதாள். பட்டையைத் திருப்பிப் போட்டு அனுப்பினேன். மஞ்சள் கறைக்கு மருந்து வெயில். கோட்டுக்கு ஆகாத வெயில் வெள்ளைப் பட்டைக்கு நல்லது. சோப்புப் போட்டு அலசி இரண்டு நாள் காயவிட்டால் வெளுத்துவிடும்.

அன்று முதல் ஒரே வழக்கம்தான். பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, மேலே பள்ளிச் சட்டையோடு வருவார்கள். கோட்டு வேட்டி உறையில் தனியாக வரும். பஸ்ஸின் கடைசி வரிசையில் இரு பக்கச் சாமான் தட்டுகளிலும் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, எண் வரிசையில் மாட்டுவோம். ஒன்றின் முகம் இந்தப் பக்கம், அடுத்ததன் முகம் அந்தப் பக்கம். அப்போது தோள் தோளோடு இடிக்காது. கீழ் ஓரத்தை ஒரு நாடாவால் தளர்வாகச் சேர்த்துக் கட்டினால் வளைவுகளில் ஆடாது. சாப்பாடு முடிந்து, கை கழுவி, வரிசையில் நின்ற பிறகுதான் கோட்டு. வெள்ளைக் கையுறை கடைசியிலும் கடைசி.

தொப்பிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி. நன்றாகக் கழுவிக் காயவைத்தால் மூடியோடு கிடைக்கும் தொப்பிப் பெட்டி அதுதான். தொப்பிக்குள் வெள்ளைத்தாள் அடைக்கவேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். குஞ்சத்துக்கு, தம்பி, நீங்கள் உடற்கல்வி ஆசிரியர், உங்கள் அறையிலேயே இருக்கிறது: இறகுப்பந்து வரும் உருளைப் பெட்டி. இறகுக்கு இறகு வந்த பெட்டியே பொருத்தம்.

29 செப்டம்பர் 2024

ஒரு திருத்தம். பிளாஸ்டிக் உறையே கூடாது என்று முதல் நாள் எழுதினேன். மழை நாளில் பஸ்ஸிலிருந்து மைதானம் வரை தூக்கிப் போக அது வேண்டும். வேட்டி உறைக்கு மேல் பெரிய பிளாஸ்டிக் பை, இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிளாஸ்டிக் துணை, ஐந்து மாதத்துக்குப் பகை.

6 அக்டோபர் 2024

கைப்பையில் என்னென்ன இருக்கும் என்று கேட்டார்கள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு நூல் கோத்த ஊசிகள் (கோக்க அங்கே நேரம் இருக்காது), ஊக்கு, கொக்கி, பொத்தான் ஆறு, கையுறை இரண்டு ஜோடி, வெள்ளைப் பட்டையின் கறையை மறைக்க ஒரு சாக்பீஸ். சானிட்டரி நாப்கின்.

கடைசியாகச் சொன்னதற்காகவே இந்தக் குறிப்பு. எங்கள் பேன்ட் முன்பு வெள்ளை. ஒரு பிள்ளை அணிவகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் அருகே வந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. பெரிய டிரம் அவளுடையது. முந்தைய இரண்டு மாதம் தினமும் மாலை ஐந்தரை வரை பழகியவள். அன்று அவள் நடக்கவில்லை. அடுத்த வாரமே தலைமையாசிரியையிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைதான் எடுப்பாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த ஜூனில் கருநீலப் பேன்ட் வந்தது. பெண்கள் பள்ளியில் வெள்ளைப் பேன்ட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து மாற்றுங்கள்.

10 நவம்பர் 2024

தேசியப் பள்ளி பேண்டு போட்டிக்குத் தேர்வானால் டெல்லிக்கு ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டெல்லி வரை நான் போனதில்லை. சென்னை வரை கொண்டுபோன அனுபவத்தில் சொல்கிறேன். ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ இலவசம் என்பதால் எடை ஒரு பொருட்டே இல்லை, இடம்தான் பிரச்சினை. ரயிலில் தொங்கவிட முடியாது. ஆறு கோட்டுகளைத் தலைமாற்றித் தலைமாற்றி அடுக்கி, ஒவ்வொரு கைக்குள்ளும் சுருட்டிய துண்டு வைத்து, போர்வையில் தளர்வாகச் சுருட்டுங்கள். மேல் படுக்கை ஒன்றைச் சீருடைக்கே விட்டுவிடுங்கள், இருக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள். டெல்லியில் ஜனவரிக் குளிர். உள்ளே ஸ்வெட்டர் போட்டு அளவு பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இங்கே கச்சிதமாக இருக்கும் கோட்டு அங்கே பொத்தான் போட வராது.

3 டிசம்பர் 2024

போன வாரம் முழுவதும் மழை. ஃபெங்கல் புயல் சனிக்கிழமை புதுச்சேரி பக்கம் கரை கடந்துவிட்டது. பள்ளி திறந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். ஒவ்வொரு கோட்டாக, மேலே தொட்டுப் பார்ப்பதோடு விடாமல் உள்துணிவரை கைவிட்டுப் பார்த்தேன். 34-ம் நன்றாக இருக்கின்றன.

தொப்பியில்தான் தவறிவிட்டேன். செப்டம்பரில் நான் எழுதிய அதே வாளிகள். மூடியை இறுக்கமாக மூடி வைத்திருந்தேன். ஐந்து தொப்பிகளின் உள்ளே நெற்றி படும் ரெக்சின் பட்டையில் சாம்பல் நிறப் பூசணம். துணி உறைக்கு இவ்வளவு பேசிவிட்டு, தொப்பியை வாளியில் அடைத்திருக்கிறேன். வாளி பயணத்துக்கு மட்டும் என்று திருத்திப் படியுங்கள். மற்ற நாட்களில் மூடியைக் கழற்றி, வாயை வேட்டித் துணியால் கட்டி வையுங்கள்.

சிலிக்கா ஜெல் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். குஞ்சம் வைக்கும் சிறு பெட்டிக்குச் சரி. ஒரு பீரோவுக்கு எவ்வளவு போட்டாலும் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஈடுகொடுக்காது. நீலமாக இருப்பது ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் மறுபடி நீலமாகும், ஆனால் அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

12 ஜனவரி 2025

நேற்று அளவு பார்த்தோம். ஆகஸ்டில் கச்சிதமாக இருந்த கோட்டு, ஜனவரியில் மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், கேட்கவா வேண்டும்! இதற்காகத்தான் கையின் மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்கிறேன். ஏழு கோட்டுகளை ஆள் மாற்றினேன், ஒன்பதில் மடிப்பைப் பிரித்தேன். பதிவேட்டில் கோட்டு எண், மார்பளவு, கை நீளம், பெயர், வகுப்பு எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். கோட்டு எண்ணை மட்டும் மையில் எழுதலாம்.

19-ஆம் எண்ணின் மடிப்பைப் பிரிக்கும்போது உள்துணியில் பால்பாயிண்ட் எழுத்து கண்ணில் பட்டது. போட்டவர்கள் ஒவ்வொருவரும் பெயர் எழுதியிருக்கிறார்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, பதினொரு பெயர். முதல் பெயருக்குரியவள் இப்போது என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. துணியில் எழுதினால் திட்டுவேன் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் மடிப்புக்குள் எழுதியிருக்கிறார்கள். திட்ட மனம் வரவில்லை.

27 ஜனவரி 2025

நேற்று 34 பேரும் நடந்தார்கள். கஜாவுக்குப் பிறகு தைத்த நான்கு கோட்டுகளின் சிவப்பு மற்றவற்றைவிட ஒரு சாயல் அடர்த்தி. அவற்றை எப்போதும் நடு வரிசையில் நிறுத்துவேன். நேற்று வெயிலில் அதுகூடத் தெரியவில்லை.

பெரம்பலூர் தம்பியின் 28-ம் நல்லபடியாக வந்தன என்று எழுதியிருக்கிறார், ஒன்றைத் தவிர. அதில் அக்குள் உள்துணி கிழிந்திருக்கிறதாம். உள்துணி முழுவதையும் மாற்ற வேண்டாம் தம்பி. கிழிந்த இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பிரித்து, அதே பிறை வடிவத்தில் பருத்தித் துண்டு வைத்து, கையால் தையுங்கள். மிஷினில் போட்டால் வெளித்துணியையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

கோட்டுகள் இப்போது வகுப்பறைக் கயிற்றில் தொங்குகின்றன. புதன்கிழமை வரை பீரோவில் வைக்கப் போவதில்லை. 19-ஆம் எண்ணின் கையில் விட்ட மடிப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டில் அதைச் சின்னப் பெண் ஒருத்திக்குக் கொடுக்கவேண்டும். ஆறாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், இடைவேளையில் வந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.